மாமியார் பத்தி

“இன்னிக்கு இது மூணாவது தலை,” என்றாள் ஊசி. கையிலிருந்த கம்பியை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். “போ, போயிட்டு வா. அதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடறேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த ரேடியோ எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதையின் கோடியிலிருந்த கழிவறைக்குப் போனாள். போனால் சொட்டுச் சொட்டாக வரும், எரியும். அவ்வளவுதான் வரப்போகிறது என்று தெரிந்தே போவாள். போகாமலும் இருக்க முடியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது ஊசி தாளைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வைத்திருந்தாள். இருபத்தைந்து நிமிடம் படித்த படிப்பு வீண்.

அந்த அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைக்கிற லீஃப்லெட்டை மட்டும்தான் அடிப்பார்கள். விசிட்டிங் கார்டு அடித்துத் தர முடியுமா என்று வாசலில் வந்து நிற்கிறவர்களை வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். கீழே இயந்திரங்கள் ஓடும், மடிக்கும், கட்டும். மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் படிப்பறை. ஒரு மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒருத்தி மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தை உரக்கப் படிப்பாள். எதிரே உட்கார்ந்திருப்பவள் அச்சுக்குப் போகவேண்டிய ப்ரூஃபில் எழுத்தெழுத்தாகப் பின்னாலேயே போவாள். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா, புள்ளி, அடைப்பு, தடித்த எழுத்து எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். “தலைச்சுற்றல் கமா வாந்தி கமா அடைப்பு திற அரிதாக அடைப்பு மூடு புள்ளி.” இப்படியே நாள் முழுக்க.

நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எந்தக் காலத்திலோ ஒரு ஜோடி டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு வரி தள்ளி ஆரம்பித்ததாம். அந்த ஒரு வரியில்தான் குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று இருந்ததாம். அடித்தது அத்தனையும் நெருப்புக்குப் போயிற்று. அன்றிலிருந்து, தும்மினால் பரவாயில்லை, எழுந்தால் தலைதான். ஒரு நாளைக்கு எத்தனை தலை என்று சுவரோரம் ஒரு நோட்டில் குறிக்கவும் வேண்டும்.

ரேடியோ என்று அவளுக்குப் பெயர் வந்தது குரலால். வயிற்றுப்போக்கையும் மாரடைப்பையும் ஒரே தொனியில் படிப்பாள். ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. அந்த வேலைக்கு அதுதான் லட்சணம். பொருள் புரிந்து படிக்கிறவளின் கண் வார்த்தைக்கு முன்னால் ஓடிவிடும், தப்பை விட்டுவிடும். புரியாமல் படிக்கிறவளுக்குத்தான் ஒற்றெழுத்து ஒன்று குறைந்தாலும் நாக்கில் இடறும். இருபத்திரண்டு வருடமாக அவள் வாய்வழியாகப் போன வியாதிகளைக் கணக்கெடுத்தால் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காணும். மனசுவழியாக ஒன்றும் போனதில்லை.

ஊசிக்குப் பெயர் வந்தது கம்பளி பின்னுகிற மழுங்கல் ஊசியால். அதை வைத்துத்தான் எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே வருவாள். நாக்காலும்தான் வந்தது என்பார்கள் கீழே மடிப்புப் பகுதியில்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து தலைநோட்டைப் புரட்டினான். வயதில் ரேடியோவின் தம்பி மாதிரி இருப்பான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

“அக்கா, போன மாசம் முப்பத்தொண்ணு. மத்த ஜோடியெல்லாம் ஒண்ணு, ரெண்டு.”

“தெரியும் தம்பி.”

“கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. இன்னும் மூணு மாசம் இருக்கு. அவங்க முன்னாடி உக்காந்து படிச்சுக் காட்டணும். அதுக்குள்ள இது குறையலைன்னா, கீழ கட்டு எண்ணுற இடத்துல உங்கள மாத்தச் சொல்றாங்க மேல.”

“கட்டு எண்ணுற இடத்துல கழிவறை பக்கமா?” என்று கேட்டாள் ஊசி.

சூப்பர்வைசருக்குக் காது சிவந்துவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ரேடியோவுக்கு அழுகை வரவில்லை. கீழே கட்டு எண்ணும் இடத்தைக் கண்முன் கொண்டுவந்து பார்த்தாள். நின்றுகொண்டே வேலை. வாய்க்கு வேலை கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஒரே காரியம் வாயை வைத்துச் செய்வது. அந்த நாற்காலி போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

அவளுக்கு மாதாமாதம் வரும் தூரம் நின்று நான்கு வருடம். அதற்கடுத்த வருடமே ஆரம்பித்துவிட்டது இது. முதலில் லேசான அரிப்பு. சுத்தம் போதவில்லை என்று நினைத்து, நாளைக்கு மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினாள். பிறகு கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவினாள். எரிந்த இடத்தில் இன்னும் எரிந்தது. கடையில் படைக்குத் தடவுகிற களிம்பைக் கேட்டு வாங்கித் தடவினாள். அது கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்ட கதையாயிற்று. அதன்பின் சிறுநீர் எரிச்சல். தெருமுனை டாக்டர் நான்கு தடவை மாத்திரை கொடுத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தாள், தலைக் கணக்கு ஏறியது. தண்ணீரை நிறுத்தினாள், எரிச்சல் ஏறியது. ஐந்தாம் தடவை சோதனைக்கு அனுப்பினார். கிருமியே இல்லை என்று வந்தது. “இது என் கணக்குல வராதும்மா. லேடி டாக்டரப் பாருங்க,” என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை அவள் பையில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

வீட்டுக்காரர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே இருப்பார். டீவியில் கார் வேகமாகப் போனால்கூட வீட்டுத் தரையை அழுத்துவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலி தாங்காமல் அவள், “இன்னிக்கு வேணாங்க,” என்றாள். அடுத்த முறையும் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது அவர், “சரி, தூங்கு,” என்று சொல்லித் தலையணையை ஒரு சாண் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, இன்னதென்று அவளும் சொல்லவில்லை. நடுவிலிருந்த அந்த ஒரு சாணில் நாளாவட்டத்தில் இஸ்திரி போடவேண்டிய துணிகள் குடியேறிவிட்டன.

வருத்தமா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மரத்துப்போன காலில் செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. நடந்துவிடலாம். கால் இருப்பது தெரியாது.

சூப்பர்வைசர் பேசிய அந்த வாரமே லீவு போட்டுவிட்டு லேடி டாக்டரிடம் போனாள். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி. மீன் படம் போட்ட பிளாஸ்டிக் திரை. டாக்டர் இவளைவிடச் சின்னவள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எழுதினாள்.

“சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?”

“யூரின் எரியுதுங்க.”

“அப்புறம்?”

“அடிக்கடி வருது.”

“அப்புறம்?”

அப்புறம் இருந்ததற்கு அவளிடம் வார்த்தை இல்லை. வீட்டில் புழங்குகிற பேச்சில் அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது, இருப்பதெல்லாம் வசவு. அவள் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பார்த்தபடியே, படிப்பறைக் குரலில் சொன்னாள்:

“யோனி வறட்சி கமா அரிப்பு கமா எரிச்சல் கமா உடலுறவின்போது வலி கமா அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு புள்ளி.”

டாக்டரின் பேனா நின்றது. “நீங்க நர்ஸா?”

“இல்லீங்க. படிக்கிறவ.”

“எத்தனை வருஷமா?”

“படிக்கிறதா, இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“மூணு வருஷமா.”

“படிக்கிறது?”

“இருபத்திரண்டு.”

டாக்டர் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டே பேசினாள். தூரம் நின்றபிறகு உடம்பில் ஹார்மோன் குறைந்துவிடும். அந்த இடத்துத் தோல் மெலிந்து, ஈரம் வற்றிப்போகும். சிறுநீர் வருகிற வழியும் பக்கத்திலேயே இருப்பதால் அதையும் சேர்த்துப் படுத்தும்.

“சூடு உடம்புல ஏறி இறங்குறது, ராத்திரி வேர்க்கிறது, அதெல்லாம் சில பேருக்கு நாளாக ஆகத் தானா அடங்கும். இது அடங்காதும்மா. விட விட மோசமாகும். உங்க சுத்தத்துல ஒரு குறையும் இல்ல. முதல்ல அந்தச் சோப்பையும் கிருமிநாசினியையும் தூக்கிப் போடுங்க. வெறும் தண்ணி போதும்.”

வழிகளையும் சொன்னாள். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். வீட்டுக்காரரோடு சேரும் நேரத்துக்கு வழுவழுப்பு ஜெல் தனியாக இருக்கிறது. லேசாக இருந்தால் இவையே போதும். போதாதவர்களுக்கு அந்த இடத்தில் மட்டும் வேலை செய்கிற, ரொம்பக் குறைந்த அளவு ஹார்மோன். க்ரீமாகவும் வரும், உள்ளே வைக்கிற சின்ன மாத்திரையாகவும் வரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற வளையமாகவும் வரும். தினம் முழுங்குகிற மாத்திரை ஒன்றும் உண்டு, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. லேசர் என்று விளம்பரம் வருகிறதே, அதற்கு இன்னும் ஆதாரம் போதாது.

பிறகு கேள்விமேல் கேள்வி. மார்பில் கட்டி வந்ததுண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, தூரம் நின்றபின் எப்போதாவது ரத்தம் பட்டதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். டாக்டர் க்ரீமை எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள்.

“உடனே தெரியாது. சில வாரம் ஆகும். முழுசா சரியாக மூணு மாசம்கூட ஆகலாம். நடுவுல விட்டுடாதீங்க.”

மூன்று மாதம். ஆடிட்டுக்கும் அவ்வளவுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறை ஜன்னலோரம் நின்று பெட்டியைத் திறந்தாள். ஒரு டியூப், கோடு போட்ட பிளாஸ்டிக் குழல் ஒன்று, எட்டாக மடித்த லீஃப்லெட். மடிப்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கீழ்மூலையில் பொடி எழுத்தில் தேதியும் ஜோடி எண்ணும் இருந்தன. ஜோடி நான்கு. ஜோடி நான்கு என்றால் அவளும் ஊசியும்.

முதல்முறையாக அவள் ஒரு லீஃப்லெட்டைத் தனக்காகப் படித்தாள். முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் இருந்தது: கர்ப்பப்பைப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டி, முதுமையில் மறதி நோய்.

இந்தப் பத்திக்குப் படிப்பறையில் மாமியார் பத்தி என்று பெயர். ஊசி வைத்தது. சில வகை மருந்துகளில், முழுங்குகிறதோ தடவுகிறதோ, அச்சுப் பிசகாமல் அதே பத்தி வரும். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் அவளே உட்கார்ந்திருப்பாள், என்பாள் ஊசி. மனப்பாடம் ஆகிவிட்டதால் அந்த இடம் வந்தால் இரண்டு பேரும் குதிரை வேகத்தில் போவார்கள். எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பாள். இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வியாதியாக எழுந்து நின்றது.

பழக்க தோஷம், தப்பு இருக்கிறதா என்று தேடினாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தேடினாள். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அவள் தொழிலில் பிழையில்லாததுதான் உண்மை. வேறு அளவுகோல் அவளிடம் கிடையாது. தானே சரிபார்த்து அனுப்பிய ஒன்றை எந்த வாயால் பொய் என்று சொல்வது?

டியூபைப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தகர டப்பாவில் போட்டு, டப்பாவை மேல் அலமாரியில் தீர்ந்துபோன பாட்டரிகளுக்குப் பின்னால் தள்ளினாள். பயந்தாளா என்றால், அதுவும் அப்படியொன்றும் பெரிதாக வரவில்லை. ஒரு கதவு இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். அரிசி களைய உட்கார்ந்தாள்.

ஐந்து வாரம் போயிற்று. தலைக் கணக்கு முப்பதிலேயே நின்றது. சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டுவதோடு சரி, பேசுவதில்லை. கீழே கட்டு எண்ணுகிற பெண் ஒருத்தி படிக்கட்டில் அவளைப் பார்த்து, “எங்ககூட வரப்போறீங்களாமே அக்கா,” என்று பிரியமாகத்தான் கேட்டாள்.

ஆறாவது வாரம் ஒரு மாத்திரையின் லீஃப்லெட் வந்தது. முழுங்குகிற ஹார்மோன் மாத்திரை. இரண்டாம் நிமிடமே கட்டம் கட்டிய பத்தி. ஊசி கம்பியை ஓடவிடத் தயாரானாள். ரேடியோ, “கர்ப்பப்பைப் புற்றுநோய் கமா” என்றாள். அதற்குமேல் குரல் வரவில்லை.

“தலையா? இப்பத்தானேடி வந்த.”

“இல்ல.”

“பின்ன என்ன, பாட்டரி தீர்ந்துபோச்சா?”

ரேடியோ தாளைக் கீழே வைத்தாள். லேடி டாக்டர், க்ரீம், டப்பா எல்லாவற்றையும் மூன்று வரியில் சொல்லி முடித்தாள். ஊசி கேட்டுக்கொண்டே இருந்தாள். கம்பியால் காதைச் சொறிந்துகொண்டாள்.

“அஞ்சு வாரமா அலமாரியில வெச்சிருக்கியா?”

“ம்.”

“நான் மாத்திரை வெக்கிறேன். உள்ள வெக்கிறது. ரெண்டு வருஷமாச்சு. செவ்வாய்க்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு.”

ரேடியோ அவளையே பார்த்தாள். இருபது வருடமாக ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற முகம். “சொல்லவே இல்லையே.”

“நீ கேட்டியா? உன்கிட்ட சொன்னா கமா போட்டுத் திருப்பிச் சொல்லுவ, கீழ மடிப்பு மெஷின் வரைக்கும் கேக்கும்.”

“அந்தப் பத்தி…”

“அந்தப் பத்திக்கு நாமதானே பேரு வெச்சோம். முழுங்குற மாத்திரைக்குன்னு எழுதினத எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய் உக்கார வெச்சிருக்காங்க.”

“எழுத்து தப்பில்லையே.”

“எழுத்து தப்பில்லதான். உன் மாமியார் போட்டோகூட அச்சு அசலா இருக்கும். அதுக்காக அவ உன் வீட்டுலயா இருக்கா? ஊருல மச்சினன் வீட்டுல இருக்கா.” ஊசி தாளைத் திருப்பி வைத்தாள். “நான் டாக்டர் இல்ல. எனக்கு ஒத்துக்கிட்டது உனக்கு ஒத்துக்கும்னு நான் சொல்ல மாட்டேன். உன் பயத்த அலமாரிகிட்ட சொல்லாம அந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு. சாயங்காலம் நானும் வர்றேன். வழியில எனக்குச் செருப்பு வேற பாக்கணும்.”

சாயங்காலம் டாக்டர் அந்த லீஃப்லெட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். இதப் படிச்சுட்டு நிறுத்துறவங்க நிறைய பேர்,” என்றாள். தினம் முழுங்கி உடம்பு பூராவும் போகிற மருந்தை வைத்துச் சொன்ன எச்சரிக்கை அது. அதே குடும்பத்து மருந்து என்பதால் இதிலும் அச்சாகிவிட்டது. இந்த அளவில் அந்த இடத்தில் வைத்தால் ரத்தத்தில் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம்.

“மார்பகப் புற்றுநோய் வந்து போனவங்களா இருந்தா, நான் முதல்ல ஜெல்தான் குடுத்திருப்பேன், அவங்களப் பாக்கிற டாக்டரயும் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அதுக்குத்தான் அன்னிக்கு அத்தனை கேள்வி. நடுவுல எப்பவாவது ரத்தம் பட்டா மட்டும் அன்னிக்கே ஓடி வரணும். புரியுதா?”

“புரியுதுங்க,” என்றாள் ரேடியோ. உண்மையிலேயே புரிந்துதான் சொன்னாள்.

அன்றைக்கே ஆரம்பித்தாள். குழலில் கோடுவரைக்கும் ஏற்றி, படுத்து, வைத்து, குழலைக் கழுவிக் காயவைத்தாள். வேலைக்குப் போகிற மாதிரி செய்தாள். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரமும் தெரியவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் தலைநோட்டைப் பார்த்தபோது அந்த வாரம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊசி மறந்திருப்பாள் என்று நினைத்துக் கேட்டாள். ஊசி மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இது என்ன, புதுப் பேஸ்ட்டா?”

“பல்லு தேச்சுடாதீங்க. அது எனக்கு.”

“எதுக்கு?”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். லீஃப்லெட்டை எடுத்து நீட்டினாள். அவர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “எறும்பு ஊர்றாப்புல இருக்கு. நீயே படி.”

அவள் படித்தாள். கமா, புள்ளி எதையும் சொல்லாமல் படித்தாள். எதற்காக இந்த மருந்து என்ற பத்தியை மட்டும். உடலுறவின்போது வலி என்கிற இடத்தில் அவர் கால் தரையை அழுத்தியது.

“வலியா?” என்றார்.

“ம்.”

“நான் என்னமோ… என்னப் பிடிக்கலைன்னு நெனச்சேன்.”

“கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

அவர் டியூபை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடத்திலேயே வைத்தார். பேஸ்ட்டை எடுத்து வேறு தட்டுக்கு மாற்றினார். திரும்பி வந்து, “எத்தனை நாளாகும் சரியாக?” என்று கேட்டார்.

“மூணு மாசம்கூட ஆகலாமாம். வேற ஒரு ஜெல்லும் சொல்லியிருக்காங்க, அந்த நேரத்துக்கு.”

“ஆகட்டும். நமக்கு என்ன, லைசென்ஸ் டெஸ்ட்டா இருக்கு,” என்றவர், அவள் மடித்து வைத்திருந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினார். கலைத்துத்தான் அடுக்கினார்.

ஆடிட் வந்தபோது க்ரீம் ஆரம்பித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. டை கட்டிய ஆள் ஒருவர், கையில் அட்டை வைத்திருந்த பெண் ஒருத்தி. படிப்பறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பின்னால் சூப்பர்வைசர் சுவரோடு சுவராக நின்றான். எடுத்துப் போட்டது நாற்பது நிமிட லீஃப்லெட், ரத்தக்கொதிப்பு மாத்திரை.

இருபது நிமிடம் வரைக்கும் ரேடியோ நன்றாகத்தான் படித்தாள். அதன்பின் முட்டிக்கொண்டு வந்தது. பழைய மாதிரி இல்லை. காலையில் படபடப்பில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள், அதுதான். ஆனாலும் வந்தது வந்ததுதான். இன்னும் பத்து வரி தாங்கினாள். “ரத்தக்கொதிப்பு” என்கிற இடத்தில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டுப் படித்தாள். ஊசியின் கம்பி நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் விட்ட ஒரே ஒற்று அதுவாகத்தான் இருக்கும்.

ரேடியோ தாளை வைத்தாள். “நிறுத்தறேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கழிவறையில் உட்கார்ந்தாள். தாராளமாக வந்தது. முடிந்தபின்னும் உட்கார்ந்தே இருந்தாள், எரிச்சலுக்காக. மூன்று வருடமாக அது வந்து போனபிறகு எழுந்துதான் பழக்கம். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். வராது போலிருந்தது. கை கழுவினாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஊசி ஏற்கெனவே முதல் பக்கத்துக்குப் புரட்டி, கம்பியை முதல் எழுத்தின் கீழே வைத்திருந்தாள். டை கட்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பாதியிலேர்ந்து போகலாமே, எனக்குப் பரவாயில்ல,” என்றார்.

“அப்படிப் போக மாட்டோங்க,” என்றாள் ரேடியோ. தலையிலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது நிமிடம். கடைசிப் புள்ளிவரைக்கும். ஒற்று எதுவும் விடவில்லை.

எழுந்ததும் ஊசி, ஒருத்தருக்கும் சொல்லாமல், நோட்டில் ஒரு தலை குறித்தாள். அட்டைக்காரப் பெண் அந்த நோட்டை வாங்கி, மாதம் மாதமாகப் பின்னால் புரட்டினாள். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது என்று வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். என்னவோ எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் மேசைக்கு வந்தான். நிம்மதியும் எரிச்சலும் கலந்த முகம்.

“அவங்க ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா அக்கா? சட்டம் காகிதத்துல மட்டும் இல்ல, கண் முன்னாடி நடக்குதுன்னு எழுதியிருக்காங்க. ஆள் எழுந்தா தலையிலேர்ந்து படிக்கிறாங்க, நாங்க வேணாம்னு சொல்லியும் கேக்கலன்னு. நோட்டுல ஒண்ணையும் மறைக்கலன்னு. மத்த அச்சகத்துலயெல்லாம் நோட்டுல பூஜ்யம் பூஜ்யம்னு இருக்குமாம், அத அவங்க நம்ப மாட்டாங்களாம்.” மூச்சு விட்டான். “ஜோடிய மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

“பாத்தியா தம்பி, நல்ல நேரத்துல போகத் தெரிஞ்சிருக்கணும் மனுஷிக்கு,” என்றாள் ஊசி.

ரேடியோ, “சரி தம்பி,” என்றாள்.

அவன் போனபின் ஊசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாற்காலி தப்பிச்சுதுடி. ஒரு சிரிப்பாவது சிரிக்கக் கூடாதா?”

ரேடியோ உள்ளே தேடிப் பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மரத்திருந்த கால் சரியாகும்போது முதலில் வருகிற குறுகுறுப்பு மாதிரி ஏதோ ஒன்று, அதுவும் இருக்கிறதா இல்லையா என்று.

“வருது,” என்றாள். “கொஞ்சம் பொறு.”

“பொறுக்கிறேன், பொறுக்கிறேன். படி நீ.”

அவள் தாளை எடுத்தாள்.